பேரீச்சங்கொட்டைக்குள் ஒரு கோடைப் பறவை

எங்கள் வீட்டுப் பின்வளவில், கிணற்றடிக்குப் பக்கத்தில் ஒரு கறிவேப்பிலை மரம் நிற்கிறது. சென்ற வருடம் அதில் ஐந்து புழுக்களைக் கண்டேன். முதலில் பறவை எச்சம் போலக் கறுப்பும் வெள்ளையுமாக இருந்தன. சில நாட்களில் தோலை உரித்துவிட்டு இலையின் பச்சைக்கே மாறிவிட்டன. விரலால் தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து சிவப்பாக இரண்டு கொம்புகளை நீட்டி ஒரு நாற்றத்தையும் விட்டன. பழைய ஐஸ்கிரீம் பெட்டி ஒன்றின் மூடியில் ஓட்டைகள் போட்டு, ஐந்தையும் அதற்குள் வளர்த்தேன். வாப்பும்மாவுக்கு இது கொஞ்சமும் பிடிக்கவில்லை. குமர்ப்பிள்ளை புழுப் பொறுக்கித் திரிகிறாள் என்று வருவோர் போவோரிடமெல்லாம் சொல்லிக் குறைப்பட்டார்.

ஐந்தும் கூடு கட்டின. நான்கிலிருந்து கறுப்பு நிற வண்ணத்துப்பூச்சிகள் வந்தன. ஐந்தாவது கூட்டில் ஒருநாள் காலையில் குண்டூசி குத்தியது போல ஒரு துளை. அதன் வழியாகச் சின்னஞ்சிறு குளவிகள் ஒவ்வொன்றாக வெளியே வந்துகொண்டிருந்தன. எனக்கு அருவருப்பாக இருந்தது. அதைவிட, நான் ஏதோ பிழை விட்டுவிட்டேன் என்ற வெட்கம். கூட்டைக் கொண்டுபோய்க் குப்பையில் போட்டேன். விஞ்ஞான ஒப்படையில் நான்கு புழுக்கள், நான்கு வண்ணத்துப்பூச்சிகள் என்று எழுதினேன். நல்ல புள்ளி கிடைத்தது.

மரியா சிபில்லா மேரியன் என்ற பெண்மணியை நான் அறிந்தது அதற்குப் பிறகுதான். நூலகத்தில் ஒரு கலைக்களஞ்சியத்தைப் புரட்டிக்கொண்டிருந்தபோது ஒரு படம் கண்ணில் பட்டது. ஒரே செடியில் புழு, கூட்டுப்புழு, பறக்கும் பூச்சி மூன்றும் இருந்தன. எங்கள் பாடநூலில் அம்புக்குறி போட்டு வட்டமாகக் காட்டுகிற அதே வாழ்க்கை வட்டம்தான். ஆனால் அதை வரைந்தவர் முந்நூறு வருடங்களுக்கு முன் இறந்துபோனவர் என்று கீழே எழுதியிருந்தது. அன்றிலிருந்து கிடைத்த இடத்திலெல்லாம் அவரைப் பற்றித் தேடி வாசித்தேன். தோழியரே, அவருடைய கதையை உங்களுக்குச் சொல்ல எனக்கு ஒரு சொந்தக் காரணமும் இருக்கிறது.

மரியா 1647 ஏப்ரல் 2ஆம் திகதி ஜேர்மனியின் பிராங்பேர்ட் நகரில் பிறந்தார். தந்தை மத்தேயுஸ் மேரியன் பெயர்பெற்ற செப்புத்தகட்டு ஓவியர், நூல் வெளியீட்டாளர். மகளுக்கு மூன்று வயதாக இருக்கும்போதே அவர் இறந்துவிட்டார். தாய் மறுமணம் செய்த ஜேக்கப் மாரெல், பூக்களை வரைகிற ஓவியர். அவர்தான் அந்தச் சிறுமிக்குத் தூரிகை பிடிக்கக் கற்றுக்கொடுத்தார். ஓவியக் கூடத்தில் பூங்கொத்து வரையும்போது ஓரத்தில் ஒரு பூச்சியையும் சேர்த்து வரைவது அக்கால வழக்கம். படத்துக்கு அழகூட்ட மட்டுமே அந்தப் பூச்சி. மரியாவோ அது எங்கிருந்து வந்தது என்று கேட்கத் தொடங்கினார்.

1660இல், 13 வயதில், அவர் பட்டுப்புழு வளர்த்துப் பார்த்தார். முசுக்கட்டை இலை கிடைக்காத நாட்களில் சலாது இலை கொடுக்கலாம், ஈர இலையைத் துடைத்துத்தான் கொடுக்க வேண்டும் என்பதையெல்லாம் செய்துபார்த்தே தெரிந்துகொண்டார். பிறகு மற்றப் புழுக்களிலிருந்து பட்டுப்பூச்சியைவிட அழகான பூச்சிகள் வருவதைக் கண்டு, கையில் அகப்பட்ட புழுக்களையெல்லாம் வீட்டுக்குக் கொண்டுவரத் தொடங்கினார்.

அந்தக் காலத்தில் பெரும்பாலானோர் புழு பூச்சிகள் சேற்றிலிருந்தும் அழுகலிலிருந்தும் தாமாகவே தோன்றுகின்றன என்று நம்பினார்கள். அரிஸ்டோட்டில் காலத்திலிருந்து வந்த நம்பிக்கை அது. இறைச்சியை மூடி வைத்தால் அதில் புழு வராது என்று இத்தாலியில் பிரான்செஸ்கோ ரெடி பரிசோதித்து எழுதியது 1668இல். அதற்கு எட்டு வருடங்களுக்கு முன்பே இந்தச் சிறுமி முட்டையிலிருந்து பூச்சி வரை உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். ஐரோப்பாவில் சூனியக்காரி என்று பெண்களைத் தண்டிப்பதும் அப்போது முடிந்திருக்கவில்லை. புழுக்களோடு பழகும் பெண்ணை ஊர் எப்படிப் பார்த்திருக்கும் என்பதை வாப்பும்மாவை வைத்தே என்னால் ஊகிக்க முடிகிறது.

18 வயதில் மாற்றாந்தந்தையின் மாணவரான யொஹான் அன்ட்ரியாஸ் கிராஃப் என்ற ஓவியரை மணந்தார். சில வருடங்களில் கணவரின் ஊரான நியூரம்பேர்க்குக்குக் குடிபோனார்கள். பத்து வருட இடைவெளியில் இரண்டு பெண் பிள்ளைகள், யொஹானா ஹெலெனாவும் டொரொத்தியா மரியாவும். அந்த நகரத்துக் கைவினைச் சங்க விதிகளின்படி பெண்கள் எண்ணெய் வர்ணத்தில் ஓவியம் வரைந்து விற்க முடியாது. ஆகவே நீர்வர்ணத்தில் வரைந்தார். வசதியான வீட்டுப் பெண் பிள்ளைகளுக்குச் சித்திரமும் பூத்தையலும் கற்றுக்கொடுத்தார். வர்ணப் பொடிகளையும் விற்றார். கோட்டைக்குப் பக்கத்தில் அவருக்கு ஒரு தோட்டம் இருந்தது. அவரைப் பற்றிப் படித்தவற்றுள் என் மனம் அதிகம் தங்கி நின்றது அந்தத் தோட்டத்தில்தான்.

வசந்தம் என்பது நமக்குப் பாடப்புத்தகச் சொல். நமக்கு மழை உண்டு, வெயில் உண்டு, கச்சான் காற்று உண்டு. இலையே இல்லாத நான்கைந்து மாதங்கள் கிடையாது. நியூரம்பேர்க்கில் கார்த்திகை மாதமளவில் மரங்கள் மொட்டையாகிவிடும். வெளியே போய்ப் பூச்சி தேட ஒன்றும் இருக்காது. பங்குனி, சித்திரையில் வெயில் சற்றுச் சூடேறியதும் எல்லாம் ஒரே நேரத்தில் நடக்கும். குளிர் முழுவதும் மரப் பொந்திலோ கூரை இடுக்கிலோ இறக்கையை மூடிக்கொண்டிருந்த வண்ணத்துப்பூச்சிகள் முதற்சூட்டில் வெளியே வரும். சருகுக்கடியில் சுருண்டு கிடந்த மயிர்க்கொட்டிகள் நெளியத் தொடங்கும். கிளைகளில் முந்திய வருடம் இடப்பட்ட முட்டைகள், மொட்டு விரிகிற அதே நாட்களில் பொரிக்கும். முற்றிய இலையைப் பிஞ்சுப் புழுவால் கடிக்க முடியாது. சில நாட்கள் பிந்தினால் புழுவுக்கும் உணவில்லை, தேடுகிறவருக்கும் புழுவில்லை.

மேரியன் தோட்டத்திலும் வேலியோரத்திலும் வயல் வெளியிலும் தேடினார். பூவைப் பார்த்து நடப்பவர்கள் காணாததை, இலையின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்த்ததால் கண்டார். தொட்டால் எரியும் நெற்றில் என்ற செடி அங்கே வேலிகளில் வளரும், நம்மூர்க் காஞ்சொறி மாதிரி. யாரும் கை வைக்க விரும்பாத அந்தச் செடியில் கறுத்த முட்புழுக்கள் கூட்டமாக மேயும். அங்கேயுள்ள மிக அழகான வண்ணத்துப்பூச்சிகளில் இரண்டு, சிறகில் மயிற்கண் கொண்ட ஒன்றும் செம்மஞ்சள் நிறமான ஒன்றும், அந்தச் செடியை உண்டுதான் வளருகின்றன. இரண்டையுமே மேரியன் வளர்த்து வரைந்திருக்கிறார்.

புழுவை எடுக்கும்போது அது இருந்த செடியையும் சேர்த்து எடுக்க வேண்டும் என்பதே அவர் கண்ட வழி. ஒரு புழுவுக்கு அதன் இலையைத் தவிர வேறொன்றைக் கொடுத்தால் பட்டினி கிடந்து சாகும், ஆனால் தின்னாது. நான் இதைச் சும்மா எழுதவில்லை. முருங்கை இலையைப் போட்டுப் பார்த்து என் ஐந்து புழுக்களும் அரை நாள் பட்டினி கிடந்தன. பெட்டிகளுக்குள் வைத்து, நாள்தோறும் புது இலை போட்டு, எப்போது தோலுரித்தது, எப்போது கூடு கட்டியது, எத்தனை நாளில் வெளியே வந்தது என்று அவர் எழுதினார். சில இரண்டு வாரத்தில் வந்தன. சில குளிர்காலம் முழுவதும் அசையாமல் கிடந்து அடுத்த வசந்தத்தில்தான் வந்தன. இரவில் பறக்கும் அந்துப்பூச்சியைத் துரத்திப் பிடிப்பது கடினம். பகலில் அதன் புழுவைக் கண்டெடுத்து வளர்த்தால், பூச்சி தானாகவே பெட்டிக்குள் வந்து நிற்கும். அவருடைய நூலில் வண்ணத்துப்பூச்சிகளைவிட அந்துப்பூச்சிகள் அதிகமாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று நினைக்கிறேன்.

அப்போது குடம்பி, நிறைவுடலி என்பவை போன்ற கலைச்சொற்கள் அவரிடம் இருக்கவில்லை. வண்ணத்துப்பூச்சிகளை அக்கால ஜேர்மன் வழக்கில் கோடைப் பறவைகள் என்றே அழைத்தார்கள். கூட்டுப்புழுவை மேரியன் பேரீச்சங்கொட்டை என்று எழுதினார். இதை வாசித்தபோது நான் சத்தமாகச் சிரித்துவிட்டேன். நோன்பு திறக்கும்போது நாம் எத்தனை கொட்டைகளைத் தட்டில் வைத்திருக்கிறோம்! கபில நிறம், நீள வடிவம், நடுவில் ஒரு கோடு. உண்மையிலேயே அந்துப்பூச்சியின் கூட்டுப்புழு அப்படித்தான் இருக்கிறது.

அவருடைய தேடல் வீட்டு வேலைகளுக்கு நடுவேதான் நடந்தது. ஒருமுறை சமையலுக்கு மூன்று வானம்பாடிகள் வந்தன. கொன்று வைத்துவிட்டுச் சில மணித்தியாலங்கள் கழித்து இறகு பிடுங்கப் போனால், அவற்றின் மேல் 17 கொழுத்த புழுக்கள். நானாக இருந்தால் சட்டியோடு வெளியே எறிந்திருப்பேன். அவர் புழுக்களை எடுத்து வைத்தார். மறுநாள் அவை கபில நிற முட்டை போல மாறின. பின்னர் அவற்றிலிருந்து பச்சையும் நீலமுமாக ஈக்கள் வந்தன. அதையும் எழுதி வைத்தார்.

1679இல் அவருடைய புழுக்கள் பற்றிய நூலின் முதற்பாகம் வெளிவந்தது. 1683இல் இரண்டாம் பாகம். ஒவ்வொன்றிலும் 50 செப்புத்தகட்டு ஓவியங்கள். ஒவ்வொரு படத்திலும் ஒரு செடி, அதை உண்ணும் புழு, அதன் கொட்டை, அதிலிருந்து வந்த பூச்சி. அறிஞர்கள் எழுதும் லத்தீன் மொழியில் அல்லாமல், வீட்டில் பேசும் ஜேர்மன் மொழியில் எழுதினார். இந்தப் படைப்புகளில் தன் புகழை அல்ல, இறைவனின் வல்லமையையே பார்க்க வேண்டும் என்று வாசகரைக் கேட்டுக்கொண்டார். எறும்பு, தேனீ, சிலந்தி ஆகியவற்றின் பெயரில் அத்தியாயங்களை ஓதி வளர்ந்த நமக்கு அந்த எண்ணம் புதிதல்ல.

அந்த நூலில் நான் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்த விடயம் வேறொன்று. சில கொட்டைகளிலிருந்து அவர் எதிர்பார்த்த பூச்சி வரவில்லை. ஈக்கள் வந்தன, மெல்லிய இடையுள்ள குளவிகள் வந்தன. சில குளவிகள் உயிருள்ள புழுவின் உடலுக்குள் முட்டையிடும், அவற்றின் குஞ்சுகள் உள்ளேயிருந்து அதைத் தின்று வளரும் என்பது இன்று நமக்குத் தெரியும். அவருக்கு அது முழுமையாக விளங்கவில்லை. ஏதோ பிழையான மாற்றம் என்று நினைத்தார். ஆயினும் வந்ததை வந்தபடியே வரைந்தார். அழகான அந்துப்பூச்சிக்கு அருகிலேயே அந்த ஈயும் குளவியும் இருக்கின்றன.

அந்தப் பக்கத்தை மூடிவிட்டு நான் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

அவருடைய குடும்ப வாழ்வு நன்றாக அமையவில்லை. மாற்றாந்தந்தை இறந்த பின் பிராங்பேர்ட்டுக்குத் திரும்பினார். பிறகு கணவரை விட்டுப் பிரிந்து, தாயையும் இரு மகள்மாரையும் கூட்டிக்கொண்டு நெதர்லாந்தின் வடக்கே ஒரு மதக் குழுவினர் கூடி வாழ்ந்த கோட்டைக்குப் போனார். தாய் இறந்ததும் 1691இல் ஆம்ஸ்டர்டாமில் குடியேறினார். மணமுறிவும் அதற்கு அடுத்த வருடமே முடிந்தது. இந்தப் பகுதியை நான் வேகமாகக் கடக்கிறேன். அது அவருடைய சொந்த விடயம்.

அந்த நாட்களில் காலிக் கோட்டையும் கொழும்பும் ஒல்லாந்தர் கையில் இருந்தன. கிழக்கேயிருந்தும் மேற்கேயிருந்தும் கப்பல்கள் ஏற்றிவந்த அபூர்வப் பொருட்களை ஆம்ஸ்டர்டாம் செல்வந்தர்கள் அலுமாரிகளில் அடுக்கி வைத்திருந்தார்கள். தென்னமெரிக்காவின் சுரினாமிலிருந்து வந்த பென்னம்பெரிய வண்ணத்துப்பூச்சிகளை மேரியன் அங்கே பார்த்தார். எல்லாம் காய்ந்து, ஊசி குத்தப்பட்டிருந்தன. எந்த இலையைத் தின்றது, எப்படிப்பட்ட புழுவாக இருந்தது என்று சொல்ல ஒருவரும் இல்லை. 1699இல், 52 வயதில், தன் ஓவியங்கள் 255ஐ விற்பனைக்கு விட்டுப் பணம் சேர்த்து, இளைய மகள் டொரொத்தியாவோடு கப்பலேறினார். அரசனோ கம்பனியோ அவரை அனுப்பவில்லை.

அங்கே வசந்தமும் இல்லை, குளிர்காலமும் இல்லை. நம் நாட்டைப் போல வருடம் முழுவதும் இலை, வருடம் முழுவதும் புழு. கரும்புத் தோட்ட முதலாளிகள், சீனியைத் தவிர வேறெதையோ தேடுகிறாள் என்று அவரைப் பார்த்துச் சிரித்தார்கள். அவரும் அவர்களுக்குச் சீனியைத் தவிர ஒன்றும் தெரியாது என்று எழுதினார். ஆனால் காட்டுக்குள் அவருக்கு வழிவெட்டியவர்கள் யார்? அடிமைகள். புழுக்களைக் கொண்டுவந்தவர்களும், செடிகளின் பயனைச் சொன்னவர்களும் அவர்களும் அந்த மண்ணின் பூர்வீக மக்களும்தான். நம் ஊர் வீதிகளிலும் பூக்கிற மயிற்கொன்றையை அவர் அங்கே வரைந்தார். பிறக்கும் பிள்ளையும் அடிமையாகிவிடக் கூடாது என்று அடிமைப் பெண்கள் அதன் விதையால் கருவைக் கலைத்தார்கள் என்றும், அதை அந்தப் பெண்களே தன்னிடம் கூறினார்கள் என்றும் எழுதினார். அதை எழுதிய கை, அடிமைகளின் உழைப்பை வேண்டாமென்று சொல்லவில்லை. திரும்பி வரும்போது ஒரு பூர்வீகப் பெண்ணையும் தன்னோடு கூட்டிவந்தார். ஒவ்வொரு புழுவின் உணவையும் குறித்து வைத்தவர், அந்தப் பெண்ணின் பெயரை நமக்கு விட்டுச் செல்லவில்லை. எனக்கு மேரியனைப் பிடிக்கும். ஆனாலும் இந்த இடத்தை மறைத்து எழுத என்னால் முடியாது. ஒருமுறை மறைத்து எழுதிய அனுபவம் எனக்குப் போதும்.

வெப்பமும் காய்ச்சலும் அவரை வாட்டின. நினைத்ததைவிட முன்னதாகவே, 1701இல், ஆம்ஸ்டர்டாமுக்குத் திரும்பினார். 1705இல் 60 பெரிய ஓவியங்களோடு சுரினாம் பூச்சிகளின் உருமாற்றம் பற்றிய அவருடைய புகழ்பெற்ற நூல் வெளிவந்தது. தேன்சிட்டு போன்ற சின்னஞ்சிறு பறவையொன்றைப் பெரிய சிலந்தி தின்பதாக அதில் ஒரு படம் உண்டு. அவர் இறந்து நூறு வருடங்களுக்குப் பிறகும் அதை நம்பாமல் கேலி செய்தவர்கள் இருந்தார்கள். 19ஆம் நூற்றாண்டில் அமேசன் காட்டில் ஹென்றி பேட்ஸ் என்ற இயற்கையாளர் சிலந்தி பறவையைப் பிடித்திருப்பதைத் தன் கண்ணால் கண்டு எழுதிய பிறகே அந்தக் கேலி அடங்கியது.

1715இல் பாரிசவாதம் அவரைத் தாக்கியது. 1717 ஜனவரி 13ஆம் திகதி ஆம்ஸ்டர்டாமில் காலமானார். புழுக்கள் நூலின் மூன்றாம் பாகத்தை அந்த வருடமே டொரொத்தியா வெளியிட்டார். பிற்காலத்தில் லின்னேயஸ் உயிரினங்களுக்குப் பெயரிட்டபோது மேரியனின் படங்களையும் பயன்படுத்தினார். யூரோ வருவதற்கு முன் ஜேர்மனியின் 500 மார்க் தாளில் அவருடைய முகம் இருந்தது.

அவருடைய குறிப்புப் புத்தகத்தை ரஷ்யப் பேரரசர் மகா பீட்டரின் ஆள் வாங்கிச் சென்றார். இன்றும் அது சென் பீட்டர்ஸ்பேர்க்கில் இருக்கிறது. தோல் தாளில் வரைந்த சிறுசிறு படங்கள், நீலக் காகிதச் சட்டங்களுக்குள். அவற்றோடு அவருடைய கையெழுத்தில் குறிப்புகள். பிராங்பேர்ட்டில் 13 வயதில் பார்த்த பட்டுப்புழுவிலிருந்து அது தொடங்குகிறது.

என் குறிப்புப் புத்தகம் 80 பக்கக் கொப்பி. சென்ற வாரம் அதை எடுத்து, நான்கு என்று எழுதியிருந்ததை வெட்டி ஐந்து என்று எழுதினேன். ஐந்தாவது கூட்டிலிருந்து குளவிகள் வந்தன என்று அதன் கீழே சேர்த்தேன். எத்தனை குளவிகள் என்று அன்று நான் எண்ணவில்லை. திகதியும் நினைவில் இல்லை. அந்த இரண்டு இடங்களையும் வெறுமையாக விட்டிருக்கிறேன். பிறகு கொப்பியை விஞ்ஞான ஆசிரியையிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் வாசித்துவிட்டு, புள்ளியைப் பற்றி ஒன்றும் பேசாமல், அந்தக் குளவியின் நிறம் என்ன என்று கேட்டார். அதையும் நான் பார்த்திருக்கவில்லை.

நேற்று அசர் தொழுதுவிட்டு வரும்போது வாப்பும்மா கிணற்றடியிலிருந்து என்னைக் கூப்பிட்டார். கறிவேப்பிலைக் கொழுந்தின் அடியில் மூன்று முட்டைகள், கடுகைவிடச் சற்றே பெரியவை, வெளிர்மஞ்சள் நிறம். ஆணம் தாளிக்க இலை பறிக்க வந்தவர், அந்தக் கிளையை விட்டுவிட்டு வேறு கிளையில் பறித்துக்கொண்டிருந்தார்.